எடுத்துக் கொடுத்தவர்

மண்டபக் கமிட்டிக்காரர்களே, செத்துப்போன ஒரு மனிதனின் இடத்தை நீங்கள் திருடி வைத்திருக்கிறீர்கள். தெரிந்து செய்தீர்களோ தெரியாமல் செய்தீர்களோ, அது எனக்குத் தேவையில்லை. நேரில் வந்து சொன்னேன், சிரித்து அனுப்பிவிட்டீர்கள். அதனால் எழுதுகிறேன். எனக்கு எழுத்துப் பழக்கம் கிடையாது. போலீஸ் ஸ்டேஷனில் இருந்த காலத்தில் யார் யாரை எதற்கு அடித்தான் என்று எழுதியதுதான் என் எழுத்து. இதையும் அப்படித்தான் எழுத வரும்.

நம் பக்கத்து விளையாட்டுக்காரர்களை எல்லாம் ஓரிடத்தில் வைத்து மரியாதை செய்ய வேண்டும் என்று தென்காசியில் மண்டபம் திறந்திருக்கிறீர்கள். நல்ல காரியம். அதற்கு நன்றி சொல்லாமல் குறை மட்டும் சொன்னால் நான் மனுஷன் இல்லை. சிலம்பக்காரர்கள், சடுகுடுக்காரர்கள், வெறுங்காலோடு ஓடி ஜெயித்த ஒரு பள்ளிக்கூடத்து டீச்சர் என்று எல்லாரையும் சுவரில் ஒவ்வொருவராகப் பார்த்துக் கும்பிட்டேன். என் படத்தையும் மாட்டியிருக்கிறீர்கள். கீழே ‘மூன்று முறை ஆண்டின் சிறந்த ஆட்டக்காரர்’ என்று எழுதியிருக்கிறீர்கள். திறப்பு விழாவில் எனக்கு மாலை போட்டீர்கள். வாங்கிக்கொண்டேன்.

உள்ளே போனதும் இடதுகைச் சுவரில் நாலாவது படம். குற்றாலத்தில் எடுத்தது. எட்டுப் பேர் அரைக்கால் சட்டையோடு நிற்கிறோம். முன்னால் தரையில் ஒருவன் கைலி கட்டிக்கொண்டு மடியில் பந்தோடு உட்கார்ந்திருக்கிறான். நிற்கிற எட்டுப் பேருக்கும் பெயர் போட்டிருக்கிறீர்கள். உட்கார்ந்திருப்பவனுக்கு, ‘பந்து கவனித்த உதவியாள், பெயர் தெரியவில்லை’ என்று போட்டிருக்கிறீர்கள். அதற்கும் கீழே சின்ன எழுத்தில் ‘படம் எடுத்துக் கொடுத்தவர்’ என்று ஒரு பெயர் இருக்கிறது.

அந்த இரண்டும் ஒரே ஆள். அவன் உதவியாளும் இல்லை, படம் பிடித்தவனும் இல்லை. எங்கள் அணியின் ஒன்பதாவது ஆட்டக்காரன். அந்தக் காலத்தில் நம் பக்கம் வாலிபால் ஒன்பது பேர் ஆடும் ஆட்டம். படத்தில் எட்டுப் பேர்தானே இருக்கிறார்கள், ஒன்பதாவது ஆள் எங்கே என்று உங்களில் ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

திறப்பு விழாவுக்கு அவனுடைய மகள் செங்கோட்டையிலிருந்து பஸ் ஏறி வந்திருந்தாள். அவளுக்கே இப்போது பேத்தி இருக்கிறாள். அந்தப் பேத்தியையும் கூட்டிக்கொண்டு வந்து படத்தின் முன்னால் நெடுநேரம் நின்றாள். பிறகு என்னிடம் வந்தாள்.

“மாமா, எங்க அத்தா போட்டோவா புடிச்சாங்க? எங்கம்மா ஒரு நாளும் சொன்னதில்லயே.”

“இல்லம்மா.”

“கீழ ஒக்காந்திருக்கது அத்தா மொகம் மாதிரில்லா இருக்கு. பேர் தெரியலன்னு போட்டிருக்கு. பூட்டப்பா பெரிய பிளேயருன்னு சொல்லி இவளக் கூட்டியாந்தேன். இப்ப என்ன சொல்ல?”

கழுத்தில் கிடந்த மாலையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டேன்.

செங்கோட்டை மலையாள ராஜ்ஜியத்தை விட்டு நம்மோடு சேர்ந்து ஒன்றிரண்டு வருஷம் ஆகியிருக்கும். நான் இலத்தூர்ப் பக்கத்து வயல்காட்டுக் குடும்பம். உயரம் இருந்தது, புத்தி இல்லை. தென்காசியில் மன்றம் ஒன்று இருந்தது. பலசரக்குக் கடைக்கு மேலே ஒரு அறை, ஊருக்கு வெளியே ஒரு மைதானம், அவ்வளவுதான். உயரமான பையன் என்று யாரோ சொல்லி என்னைச் சேர்த்துக்கொண்டார்கள். வாலிபாலில் ஓடிவந்து எம்பி, வலைக்கு மேலே வரும் பந்தை ஓங்கி அடித்து இறக்குவதற்குக் ‘கட்’ என்று பெயர். நான் கட் அடிக்கிறவன். அந்தப் பந்தை அடிக்கத் தோதாகத் தூக்கிப் போடுகிறவனுக்கு நாங்கள் வைத்த பெயர் ‘எடுத்துக் கொடுக்கிறவன்’. பின்னால் நிற்பவர்கள் தட்டி அனுப்பும் பந்தை எடுப்பான், அடிப்பவனுக்குக் கொடுப்பான். இப்போது பிள்ளைகள் செட்டர் என்கிறார்கள். எங்கள் காலத்தில் அந்த வார்த்தையை நாங்கள் கேள்விப்பட்டதே இல்லை.

அவன்தான் எடுத்துக் கொடுக்கிறவன். தென்காசியில் தறிக்காரக் குடும்பம். என் வயதுதான். என் தோளுக்குக் கீழே நிற்பான். பகல் முழுக்கத் தறிக்குழியில் காலும் நாடாக் கயிற்றில் கையுமாக இருந்துவிட்டு, தலைமுடியில் பஞ்சு ஒட்டியிருக்க மைதானத்துக்கு வருவான். முதல் நாள் நான் அடித்த பந்தெல்லாம் வலையில் போய் விழுந்தது. அவன் இடுப்பில் கைவைத்துக்கொண்டு என்னைப் பார்த்தான்.

“ஏலே, அந்த வலை ஒனக்கு என்ன பாவம் பண்ணிச்சு? அதப் போட்டு இந்த அடி அடிக்க.”

“நீ ஒழுங்காப் போட்டா நான் ஒழுங்கா அடிக்கேன்.”

“நான் போடுத எடம் மாறுதா? நல்லாப் பாத்துச் சொல்லு. நீதான் ஒருக்கா ஆடி மாசம் வருத, ஒருக்கா ஆவணியில வருத.”

பிறகு ஆளே இல்லாமல் பத்துப் பதினைந்து பந்துகளைத் தூக்கிப் போட்டுக் காட்டினான். வலைக் கயிற்றுக்கு மேலே இரண்டு முழம், கம்பத்திலிருந்து ஆறு முழம். அந்த இடத்தைப் பந்து ஒரு தடவைகூடத் தப்பவில்லை. ஆணி அடித்து மாட்டியதுபோல ஒரு நொடி அங்கே நின்றுவிட்டுத்தான் இறங்கியது.

“பந்தப் பாக்காதலே. என் தோளப் பாரு. தோள் எறங்குன ஒடனே ஓடியா. நீ வந்து சேரும்போது பந்து அங்கன இருக்கும். இல்லன்னா எங்கிட்டக் கேளு.”

ஒரு மாதத்தில் நான் பெரிய ஆட்டக்காரன் ஆகிவிட்டேன். ஊர் அப்படித்தான் நினைத்தது. நானும் அப்படித்தான் நினைத்தேன். நான் எம்பும்போது கூட்டம் எழுந்து நின்று என் பெயரைச் சொல்லிக் கத்தும். அவன் பெயரை யாரும் கத்தியதில்லை. பந்தைப் போட்டுவிட்டு அவன் வலையோரம் குனிந்து நகர்ந்துவிடுவான். கட் விழுந்ததும், “ம்” என்பான். சரியாக விழவில்லை என்றால் அந்த “ம்” வராது. கூட்டத்தின் கத்தலைவிட அந்த “ம்” வருகிறதா என்றுதான் என் காது இருக்கும்.

மன்றத்தின் மரியாதை எப்படி நடக்கும் என்று இப்போது உள்ளவர்களுக்குத் தெரியாது. வருஷத்துக்கு ஒரே ஒரு ஆள். குற்றாலத்தில் சாரல் சமயத்தில் பந்தயம் நடக்கும். அது முடிந்ததும் அந்த வருஷத்து ஆளைத் தேர்ந்தெடுப்பார்கள். அவனை அருவிக்கரைக்குக் கூட்டிப்போய்க் கல்லில் உட்காரவைத்து, மன்றத் தலைவர் தன் கையால் அவன் தலையில் நல்லெண்ணெய் வைத்துத் தேய்ப்பார். பிறகு அவன்தான் முதலில் அருவியில் நிற்க வேண்டும். அவன் நின்று வந்த பிறகுதான் மற்றவர்கள் இறங்குவார்கள். தலைவர் என்றால் நெல் வியாபாரம் பார்க்கும் அண்ணாச்சி. ஊரில் அவர் கைகட்டி நின்று யாரும் பார்த்ததில்லை. அவர் ஒரு வயல்காட்டுப் பையன் முன்னால் குனிந்து எண்ணெய் தேய்ப்பார். அந்த மனுஷனுக்கும் நான் நன்றிக்கடன் பட்டவன்தான். அடுத்த வாரம் மன்றத்து அறையில் தொங்கும் கறுப்புப் பலகையில் வெள்ளை எழுத்தில் பெயர் ஏறும்.

ஆனால் தேர்ந்தெடுக்க ஒரு விதி வைத்திருந்தார்கள். யார் அதிகம் கட் அடித்துப் புள்ளி எடுத்தானோ அவன்தான். எடுத்துக் கொடுக்கிறவன் தன் கையால் புள்ளி எடுப்பதே இல்லை. ஆகவே அவன் பெயர் பலகையில் ஏற வழியே கிடையாது. யாரும் சதி செய்யவில்லை. யோசிக்கவில்லை, அவ்வளவுதான். யோசிக்காததால் நடக்கும் அநியாயத்துக்கு ஸ்டேஷனில் வழக்கும் போட முடியாது.

இரண்டு வருஷம் என் பெயர் ஏறியது. மூன்றாவது வருஷத்துக் கதைக்கு வருகிறேன். அந்தப் படம் எடுத்த வருஷம் அதுதான்.

இறுதி ஆட்டத்துக்கு மூன்று நாள் முன்னால் நெல் மூட்டை தூக்கியபோது என் வலது தோள் பிசகிவிட்டது. கையைத் தலைக்கு மேலே தூக்கலாம், ஓங்கி இறக்க முடியாது. நான் யாரிடமும் சொல்லவில்லை. திருநெல்வேலியிலிருந்து போலீஸ் அணிக்கு ஆள் எடுக்க ஓர் அதிகாரி பார்க்க வருவதாகச் சொல்லியிருந்தார்கள். எனக்குப் படிப்பு இல்லை. அந்த வேலையை விட்டால் ஆயுசுக்கும் அடுத்தவன் வயலில் வரப்பு வெட்ட வேண்டியதுதான்.

எதிர் அணி மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து ரயில் ஏறி வந்தது. வந்ததும் வராததுமாக எங்களுக்கு நேந்திரங்காய் வறுவல் பொட்டலம் கொடுத்தார்கள். ஆட்டத்தில் மட்டும் இரக்கமே காட்ட மாட்டார்கள். காலையிலிருந்து சாரல். மைதானம் சறுக்காமல் இருக்கச் செங்கோட்டை மரமில்லிலிருந்து மரத்தூள் கொண்டுவந்து கொட்டியிருந்தார்கள். நான் சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தேன். அவன் பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டான்.

“தோள்ல என்ன?”

“ஒண்ணுமில்ல.”

“ஒண்ணுமில்லாதவன் எடக்கையால சட்டையக் கழட்டுதான் பாரு.”

சொல்லிவிட்டேன். அதிகாரி நாற்காலியில் வந்து உட்கார்ந்திருப்பதையும் காட்டினேன்.

“யார்ட்டயும் சொல்லிராத. நான் ஆடித்தான் ஆகணும்.”

“நான் ஏம்லே சொல்லுதேன். கேட்டுக்க. வழக்கம்போல ஓடியா, எம்பு, கைய ஓங்கு. மொகத்த மட்டும் கொல்ல வந்தவன் மாதிரி வச்சுக்க. ஆனா அடிக்காத. தொட்டு விடு, போதும். மிச்சத்த நான் பாத்துக்கிடுதேன்.”

அன்று அவன் போட்ட பந்துகள் வேறு. ஆறு முழமும் இல்லை, இரண்டு முழமும் இல்லை. வலையை ஒட்டி, தாழ்வாக, என் விரல் நுனிக்கு வந்து நின்றன. நான் ஓங்குவதைப் பார்த்து எதிரிகள் பின்னால் ஓடுவார்கள். நான் விரலால் தொடுவேன். பந்து வலைக்கு அந்தப் பக்கம் மரத்தூளில் பொத்தென்று விழும். அவர்கள் முன்னால் வந்து நிற்க ஆரம்பித்ததும், என் பக்கம் திரும்பிக்கொண்டே தலைக்குப் பின்னால் பந்தைத் தள்ளி, அடுத்த முனையில் நின்றவனுக்குக் கொடுத்தான். அந்த முனைக்காரன் ஓங்கி அடித்தான். எதிரிகள் மறுபடி பின்னால் போனார்கள். மறுபடி எனக்கு. நான் என்ன செய்ய வேண்டும் என்பதை மட்டுமில்லை, எதிரணி ஒன்பது பேரும் எங்கே நிற்க வேண்டும் என்பதையும் அவன்தான் முடிவு செய்தான். ஜெயித்தோம். அதிகம் புள்ளி எடுத்தவன் நான்.

அதிகாரி எழுந்து வந்து என் முதுகில் தட்டினார். “பலசாலின்னு கேள்விப்பட்டேன். புத்திசாலியாவும் இருக்க,” என்றார். எனக்கு வேலை கிடைத்தது அந்த ஒரு வாக்கியத்தில்தான். நான் வாயைத் திறக்கவில்லை.

எதிர் அணித் தலைவர் மட்டும் என் பக்கம் வரவில்லை. நேராக அவனிடம் போனார். அவன் இரண்டு கைகளையும் பிடித்துத் திருப்பி உள்ளங்கையைப் பார்த்தார். தம் ஆட்களைக் கூப்பிட்டு, “இவனாணு களிச்சது,” என்றார். ஆடினது இவன்தான் என்று அர்த்தம். தோற்றுப்போனவருக்குத் தெரிந்தது எங்கள் மன்றத்துக்குத் தெரியவில்லை.

அருவிக்கரையில் அண்ணாச்சி எண்ணெய்க் கிண்ணத்தோடு நின்றார். எனக்கு உட்காரக் கூசியது.

“அண்ணாச்சி, இந்த எண்ணெய அவன் தலையில வையுங்க,” என்றேன்.

“அவன் எத்தன கட் அடிச்சான்லே?”

“அவன் அடிக்கல. ஆனா...”

“பொறவு என்ன. ஒக்காரு. எண்ணெ ஒழுகுது.”

நான் அவனைப் பார்த்தேன். அவன் சிரித்தான்.

“எனக்கு எண்ணெ வச்சா நாளைக்குத் தறியில நூலெல்லாம் கறையாயிரும். மொதலாளி என்னையப் பாவு நூலோட சேத்துச் சுத்திருவாரு. நீ ஒக்காருலே, எங்களுக்குக் குளிருது.”

எல்லாரும் சிரித்தார்கள். நான் உட்கார்ந்துவிட்டேன். இன்னொரு தடவை சொல்லியிருக்க வேண்டும். தோள் விஷயத்தைப் போட்டு உடைத்திருக்க வேண்டும். அதிகாரி பத்தடி தூரத்தில் நின்றார், அதனால் சொல்லவில்லை. உங்களைத் திருடர்கள் என்று சொல்லுகிறவன் நானும் அதில் சேர்த்தி என்பதை ஒளிக்கவில்லை.

அருவியில் நின்றபோது தண்ணீர் விழுந்து தோள் விண்ணென்று தெறித்தது. அவன் உடுப்போடு உள்ளே வந்து என்னை ஓரமாக இழுத்து நிறுத்தினான். அண்ணாச்சி வைத்த எண்ணெய் என் முதுகில் வழிந்துகொண்டிருந்தது. அதையே வழித்து என் தோளில் வைத்துத் தேய்த்தான். அருவிச் சத்தத்தில் யாருக்கும் கேட்காது என்று, “கத்தணும்னா கத்திக்க,” என்று காதில் சொன்னான். கத்தினேன்.

அதனால்தான் அவன் அரைக்கால் சட்டை நனைந்துவிட்டது. மற்றவர்கள் மாற்றுச் சட்டை வைத்திருந்தார்கள். அவனிடம் இருந்தது கைலிதான். படம் எடுக்க நின்றபோது, கைலியோடு நின்றால் வரிசை நன்றாக இருக்காது என்று படக்காரர் சொன்னார். அவன் பந்தை வாங்கிக்கொண்டு தரையில் உட்கார்ந்தான். நீங்கள் அந்தக் கைலியைப் பார்த்துத்தான் உதவியாள் என்று முடிவு கட்டியிருக்கிறீர்கள்.

படம் கழுவி வந்ததும் மன்றச் செயலாளர் பின்பக்கத்தில் பெயர்களை எழுதினார். பள்ளிக்கூடத்தில் குமாஸ்தாவாக இருந்தவர், அதிகம் பேச மாட்டார். நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். முதல் வரியில் ‘எடுத்துக் கொடுத்தவர்’ என்று எழுதி அவன் பெயரை எழுதினார். அதன் கீழே ஒரு கோடு போட்டார். கோட்டுக்குக் கீழேதான் என் பெயரும் மற்ற ஏழு பேரும். நான் அவர் முகத்தைப் பார்த்தேன்.

“பலகையில எழுத எனக்கு அதிகாரம் கெடையாது. இது என் பேனா. எவன் கேக்க முடியும்?” என்றார்.

ஒரே ஒரு மனுஷன், ஒரே ஒரு இடத்தில், அவனுக்குத் தலைமை இடம் கொடுத்தார். நீங்கள் அந்த வரியைத்தான் எடுத்து, படம் எடுத்துக் கொடுத்தவர் என்று வாசித்திருக்கிறீர்கள். படத்தின் பின்னால் இருக்கிறது, தனியாகக் கோடு போட்டு இருக்கிறது, வேறு யாராக இருக்கும் என்று நினைத்திருக்கிறீர்கள். படம் என்ற வார்த்தை அதில் இல்லை. அதை நீங்களாகச் சேர்த்தீர்கள்.

மறுவருஷம் அவன் மைத்துனரின் துணிக்கடையில் வேலைக்கு மலைக்கு அந்தப் பக்கம் போய்விட்டான். எனக்கு வேறொருவன் எடுத்துக் கொடுத்தான். தோள் நன்றாக இருந்தது, உயரம் அப்படியே இருந்தது. அதற்குப் பிறகு என் பெயர் பலகையில் ஏறவே இல்லை. உங்கள் சுவரில் ‘மூன்று முறை’ என்று எழுதியிருக்கிறீர்களே, ஏன் மூன்றோடு நின்றது என்று யாராவது கேட்டிருந்தால் அப்போதே சொல்லியிருப்பேன்.

சில வருஷம் கழித்துச் சாரல் சமயத்தில் அவனைக் குற்றாலத்தில் பார்த்தேன். நான் போலீஸ் உடுப்பில் நின்றேன். டீ குடித்தோம். மனசில் கிடந்ததைக் கேட்டுவிட்டேன்.

“பலகையில பேரு இல்லன்னு ஒனக்கு வருத்தம் இல்லையாலே?”

“எழுதுனா தப்பாத்தான் எழுதுவானுவ. எங்க வீட்டு ரேஷன் கார்டுலயே எம்பேரு தப்பு. எம்பேர்ல வேற எவனோ சீனி வாங்குதான்.” டீ கிளாஸைக் கீழே வைத்தான். பிறகு, “எம்புள்ளைக்கு மட்டும் ஒரு நாள் காமிக்கணும்னு ஆசதான். காமிக்க ஒண்ணும் இல்ல,” என்றான்.

அவன் கேட்டது அவ்வளவுதான். என் வேலை, என் வீடு, என் பிள்ளைகளின் படிப்பு எல்லாம் அவன் தாழ்த்திப் போட்ட பந்துகள். எனக்கு அவன்மேல் உள்ள நன்றியைச் சொல்ல வேறு வார்த்தை தெரியாது. தினமும் சாப்பிட உட்காரும்போது நினைத்துக்கொள்கிறேன். அவனிடம் நேரில் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் கேலிதான் செய்திருப்பான்.

போன மாதம் உங்கள் மண்டபத்துக்கு வந்து இதையெல்லாம் சொன்னேன். மேஜையில் இருந்த தம்பி பொறுமையாகத்தான் கேட்டார்.

“ஐயா, எழுத்துல ஆதாரம் இருக்குல்லா. நீங்க ஒருத்தர் வாயால சொல்லுதத வச்சு மாத்த முடியுமா? மத்த ஏழு பேரும் இப்ப இல்ல. ஒங்களுக்கும் வயசாயிட்டு.”

“அந்த எழுத்துக்கு அர்த்தம் தெரிஞ்சவன் நான் ஒருத்தன்தான் மிச்சம். அதத்தான் சொல்லுதேன்.”

உள்ளேயிருந்து வந்த பெரியவர் ஒருவர் சிரித்துக்கொண்டே சொன்னார். “சரி, ஆடினார்னே வச்சுக்கிடுவோம். அவரு எத்தன பாயிண்டு எடுத்தாரு, சொல்லுங்க. நம்ம மண்டபத்துக்கு ஒரு அளவுகோல் இருக்குல்லா.”

அண்ணாச்சி கேட்ட அதே கேள்வி. அவர் எண்ணெய் ஒழுகும் அவசரத்தில் கேட்டார். நீங்கள் விசிறிக்கு அடியில் உட்கார்ந்து நிதானமாகக் கேட்கிறீர்கள்.

ஆகவே இனி மேஜைக்கு முன்னால் நின்று கேட்கப் போவதில்லை. வருகிற சாரல் சமயத்தில் குற்றாலத்தில் நீங்கள் நடத்தும் பந்தயத்தின் முதல் நாள், ஊர் கூடியிருக்கும்போது, உங்கள் கமிட்டித் தலைவர் மைக் முன்னால் வந்து இரண்டு கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். அந்தப் படத்தில் உட்கார்ந்திருப்பவன் ஆட்டக்காரனா, இல்லையா? தன் கையால் ஒரு புள்ளியும் எடுக்காமல் அணியை ஜெயிக்கவைத்தவனுக்கு உங்கள் மண்டபத்தில் இடம் உண்டா, இல்லையா? கடிதம் வேண்டாம், போன் வேண்டாம். அவன் மகள் பேத்தியோடு முன்வரிசையில் உட்கார்ந்திருப்பாள். அவர்கள் இருவர் முகத்தையும் பார்த்துக்கொண்டு, ஊர் கேட்கச் சொல்லுங்கள்.